காட்டுக்கோழி இறகு தேடும் தம்பிக்கு

ஈஜிபுரா, பெங்களூரு.

அன்புள்ள தம்பிக்கு,

நீலகிரியின் கேத்தியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. தாத்தாவின் சிகரெட் டின்னில் பஞ்சுமேல் கிடக்கும் அந்த ஃப்ளைகளை, தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய அந்தப் பொய்ப்பூச்சிகளை, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் துரைமாரோடு மீன் பிடிக்க ஓடைக்குப் போனவர் என்கிறீர்கள். நல்ல கை. தலைப்பக்கத்தில் நூல் ஒரு சுற்றின்மேல் இன்னொரு சுற்று ஏறாமல் வரிசையாக நிற்பதைப் பார்த்தாலே தெரிகிறது, நிதானமாகக் கட்டியிருக்கிறார்.

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஃப்ளைகளின் கன்னத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் மஞ்சள் பொட்டு இறகு எங்கே விலைக்குக் கிடைக்கும்? வீட்டிலேயே கட்டிப் பழக என்ன செலவாகும்? ட்ரௌட் மீன் இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதை நான் ஏன் செய்கிறேன்? மூன்றாவதற்கு ஒரே வரியில் பதில்: பகலெல்லாம் கம்ப்யூட்டர் திரையையும் சோனி வேர்ல்டு சிக்னலையும் பார்த்த கண்ணுக்கு ராத்திரி வேறு ஏதாவது வேண்டியிருக்கிறது. முதல் கேள்வியை இன்னும் சிலரும் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுத வேண்டியதை எல்லாரும் படிக்கும்படி பத்திரிகையில் எழுதுகிறேன்.

அந்த இறகு சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுடையது. நீங்கள் தினம் பார்க்கிற பறவைதான். தேயிலைத் தோட்ட ஓரத்தில் விடிகாலையில் தொண்டை கட்டிய மாதிரி கூவிவிட்டு, ஆள் அரவம் கேட்டதும் உண்ணிச்செடிப் புதருக்குள் ஓடுமே, அதுதான். புதுச்சேரிப் பக்கம் வந்துபோன பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னெரா பெயரைத்தான் இதன் அறிவியல் பெயரில் வைத்திருக்கிறார்கள். இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இது காட்டில் வாழ்வதில்லை. சேவலின் கழுத்திறகு ஒவ்வொன்றின் நுனியிலும் இறகிழைகள் ஒன்றாக ஒட்டி, அரக்கு ஊற்றிக் காயவைத்தது போல ஒரு மஞ்சள் சில்லாக இறுகியிருக்கும். நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் அது பொடிமீனின் கண்ணாகத் தெரியும் என்பது கணக்கு. விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சால்மன் மீனுக்குக் கட்டிய ‘ஜாக் ஸ்காட்’ போன்ற அலங்கார ஃப்ளைகளுக்கு இது இல்லாமல் முடியாது என்றே ஆகிவிட்டது. நம் மலைக்காட்டுச் சேவல்களின் கழுத்துத் தோல் கப்பலேறிப் போனது இதற்காகத்தான்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: நம் நாட்டில் எங்கேயும் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுக்கோழியைப் பிடிப்பதும் குற்றம், அதன் இறகை விற்பதும் குற்றம். யாராவது ‘பழைய ஸ்டாக் சார்’ என்று காட்டினால் நகர்ந்துவிடுங்கள். வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்த பறவையின் கழுத்தை இணையத்தில் விற்கிறார்கள். அதை இங்கே தருவித்தால், நம் காட்டுப் பறவையின் இறகு எப்படி அயல்நாட்டுத் தபாலில் வந்தது என்று கஸ்டம்ஸுக்கு விளக்கியே வயதாகிவிடும். மயிலிறகு விஷயம் வேறு. தானாக உதிர்ந்த தோகையை நாட்டுக்குள் வைத்திருக்கலாம், வாங்கலாம். வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் தடை. கோயில் வாசலில் விற்கிற ஒரு தோகை இருந்தால் ஒரு வருஷத்துக்கு ஃப்ளை கட்டலாம். அதன் பச்சை மினுமினுப்பு இழையைச் சுற்றினால் வண்டின் உடம்பு தயார்.

இறகு மோகம் ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கதை சொல்லிவிடுகிறேன். 2009 ஜூன் மாதம் லண்டன் ராயல் இசை அகாடமியில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த எட்வின் ரிஸ்ட் என்ற அமெரிக்க இளைஞன், இங்கிலாந்தின் ட்ரிங் ஊரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே போனான். பாடம் செய்து வைத்திருந்த 299 பறவைத் தோல்களை ஒரு பெட்டியில் அடைத்துக்கொண்டு வெளியே வந்தான். டார்வினோடு சேர்த்துப் பேசப்படும் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் மலேயத் தீவுகளில் சேகரித்தவையும் அவற்றில் உண்டு. எதற்கு? விக்டோரியா காலத்து சால்மன் ஃப்ளைகளை அசல் பொருளிலேயே கட்டுவதற்கும், அப்படிக் கட்டத் துடிக்கிறவர்களுக்கு விற்பதற்கும். கர்க் வாலஸ் ஜான்சன் இதைத் தேடித் துருவி 2018இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். இதில் என்னைச் சிரிக்க வைப்பது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் பலர் மீனே பிடிப்பதில்லை! கட்டிய ஃப்ளையைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைக்கிறார்கள். மீனுக்கு அந்த இறகும் ஒன்று, சாயம் போட்ட கோழியிறகும் ஒன்று.

நீங்கள் கட்டப்போவது சால்மனுக்கு இல்லை, ட்ரௌட்டுக்கு. ட்ரௌட் ஃப்ளையின் பரம்பரையே வேறு. கையில் கிடைத்ததைச் சுற்றிய ஏழைப் பரம்பரை அது. சுமார் 1800 வருஷத்துக்கு முன் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் மாசிடோனியாவின் ஓர் ஆற்றைப் பற்றி எழுதும்போது, அங்குள்ளவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவல் தாடியின் கீழ் வளரும் இறகு இரண்டை வைத்துக் கட்டிப் புள்ளிமீன் பிடித்தார்கள் என்று குறித்திருக்கிறார். கம்பளி நூல், சேவல் இறகு. அவ்வளவுதான் சாமான்.

இந்தப் பரம்பரையில் எனக்குப் பிடித்தவர் ஃப்ராங்க் சாயர். தெற்கு இங்கிலாந்தில் நெதரேவன் கிராமத்தருகே ஏவன் ஆற்றைக் காவல் காத்த ஆள். ஆற்றின் பாசியை வெட்டுவதும் கரையைக் கட்டுவதும் அவர் வேலை. நாள் பூராவும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒன்றைக் கவனித்தார். நீந்தும்போது இளம்பூச்சி காலை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொள்கிறது. அப்படியானால் ஃப்ளைக்குக் கால் எதற்கு? கால் வைப்பதையே விட்டுவிட்டார். அதுவரை எல்லாரும் நூலால் கட்டினார்கள். இவர் நூலையும் விட்டுவிட்டு மெல்லிய செம்புக் கம்பியாலேயே கட்டினார். கம்பி நூலுக்கு நூலும் ஆயிற்று, ஃப்ளையை மூழ்கடிக்கும் எடையும் ஆயிற்று, பூச்சி உடம்பின் செம்மையும் ஆயிற்று. ஃபெசன்ட் பறவையின் வால் இழை நாலைந்து, ஒரு முழம் கம்பி. அவ்வளவுதான் ‘ஃபெசன்ட் டெயில் நிம்ஃப்’. 1958இல் வந்த அவருடைய புத்தகத்தில் அதன் செய்முறை இருக்கிறது. இன்றைக்கும் ட்ரௌட் வாழும் ஓடை எதுவானாலும் முதலில் போட்டுப் பார்க்கிற ஃப்ளை அதுதான்.

அதே சாயர் ‘கில்லர் பக்’ என்று இன்னொன்று கட்டினார். அதற்கு எடுத்தது காலுறை ஓட்டை தைக்கிற கம்பளி நூல்: சாட்விக் கம்பெனியின் 477ஆம் நம்பர். நனைந்தால் சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த ஒரு நிறம் காட்டும். காலுறையைத் தைத்துப் போடும் வழக்கம் போனதும் கம்பெனி அந்த நூலை நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் நூல் அட்டைகளை இன்று ஆசைக்காரர்கள் ஏலத்தில் எடுக்கிறார்கள்! சாயர் எடுத்தது கைக்கெட்டிய நூலை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதையே பூஜையறையில் வைத்துவிட்டார்கள். உங்கள் தாத்தாவும் சாயர் ஜாதிதான் என்று தோன்றுகிறது. தோட்ட ஓரத்தில் காட்டுக்கோழி கிடைத்த காலத்தில் அதைக் கட்டினார். படத்தில் நான்காவதாக இருக்கும் பழுப்பு ஃப்ளையின் உடம்பைப் பாருங்கள். கோணிச் சாக்கின் நார் மாதிரிதான் எனக்குத் தெரிகிறது.

சரி, சாமானுக்கு வருவோம். இங்கே ஈஜிபுராவில் நான் எங்கெங்கே வாங்குகிறேன் என்று சொல்கிறேன். உங்கள் பக்கம் குன்னூரிலும் இதே கடைகள் இருக்கும்.

நூலுக்குத் தையல்கடை. சாதாரணத் தையல் நூல் தடிமன். தையற்காரரிடம் ஓவர்லாக் மெஷினுக்குப் போடும் நூல் கேளுங்கள், இல்லாவிட்டால் எம்ப்ராய்டரி நூல். கறுப்பும் பழுப்பும் போதும். அப்படியே காலடியில் பெருக்கி ஒதுக்கியிருக்கும் துணித் துண்டுகளில் ஜரிகை ஓரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலிருந்து ஓர் இழையை உருவினால் ஃப்ளை உடம்பில் சுற்றும் பளபளப்பு வரி ஆச்சு. வெளிநாட்டில் இதைச் சின்ன உருளையில் சுற்றித் தனி விலைக்கு விற்கிறார்கள்.

செம்புக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. மிக்ஸி மோட்டாரிலிருந்து பிரித்துப் போட்ட கம்பி தலைமுடி கனத்தில் இருக்கும், மேலே வார்னிஷ் பூச்சும் இருக்கும். ஒரு கைப்பிடி கேட்டால் காசு வாங்காமலே கொடுப்பார்கள். எதற்கு என்று கேட்பார்கள், அதற்கு மட்டும் ஒரு பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இறகுக்கு நாட்டுக்கோழிக் கடை. பிராய்லர் வேண்டாம். ஆறேழு வாரத்தில் கத்திக்கு வரும் கோழிக்குக் கழுத்திறகு முற்றியிருக்காது. மிதக்கும் ஃப்ளைக்கு வயசான சேவலின் கழுத்து வேண்டும். அதன் இழை விறைப்பாக, நுனிவரை பஞ்சு இல்லாமல் இருக்கும். அந்த விறைப்புதான் நீரின் மேற்பரப்பில் ஃப்ளையைத் தூக்கி நிறுத்துகிறது. மூழ்கும் ஃப்ளைக்குப் பெட்டைக்கோழி. அதன் இறகு மெத்தென்று இருக்கும், தண்ணீர் குடிக்கும், ஓட்டத்தில் மூச்சுவிடுகிற மாதிரி அசையும். சேவற்கட்டுக்காரர்கள் காகம், கீரி, மயில் என்று நிறம் பிரிப்பார்களே, அந்தக் கண்ணோடு பாருங்கள். கறுப்பும் பழுப்பும் கலந்த கழுத்து கிடைத்தால் விடாதீர்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெங்களூரு ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு வான்கோழி வரும். அதன் வால் இழை ஃபெசன்ட் வாலுக்கு நல்ல மாற்று. கொண்டுவந்த இறகை ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைக்க வேண்டும், பேனும் முட்டையும் சாக. பிறகு டப்பாவில் பாச்சா உருண்டை போட்டு வைக்கலாம். ஃப்ரீசர் விஷயத்தை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம்.

செலவு என்று பார்த்தால் முள்ளும் வைஸும்தான். முள்ளைப் பிடித்துக்கொள்ளும் சின்ன வைஸ் இது. உலகெங்கும் தொடக்கக்காரர்கள் வாங்கும் மலிவு வைஸ்களில் நம் நாட்டில் செய்ததும் நிறைய. விலை உயர்ந்தது வேண்டாம், முள்ளை நழுவவிடாமல் பிடித்தால் போதும். நூலை இழுத்துப் பிடிக்கத் துணிக் க்ளிப். கடைசி முடிச்சைத் தள்ளிவிடக் காலியான பால்பாயின்ட் ரீஃபில். தலையை ஒட்டவைக்க நிறமில்லாத நெயில் பாலீஷ். முனை கூரான ஒரு கத்தரி மட்டும் நல்லதாக வாங்கிவிடுங்கள். கம்பியை அதால் வெட்டாதீர்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் தானே ஒடிந்துவிடும்.

முதல் ஃப்ளையாக ஒரு மூழ்கும் ஃப்ளை கட்டுங்கள். 12ஆம் நம்பர் முள்ளை வைஸில் மாட்டி, தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு முள் வளையத்தின் பக்கமிருந்து வளைவுவரை வாருங்கள். மொட்டைத் தண்டில் எதைக் கட்டினாலும் வழுக்கும், அதனால்தான் இந்த நூல் மெத்தை. அங்கே வாலுக்கு நாலைந்து பழுப்பு இறகிழை. இழையை நூலால் கட்டும் இடத்தில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். இழைகளைத் தண்டின்மேல் வைத்துப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கவ்விக்கொள்ளுங்கள். நூலைத் தளர்வாக அந்த விரலிடுக்குக்குள் கொண்டுபோய் மறுபக்கம் இறக்குங்கள். விரலை எடுக்காமல் நூலை நேர்கீழே இழுத்து இறுக்குங்கள். விரல் விட்டுப்போனால் இழைகள் நூலோடு சேர்ந்து தண்டின் அந்தப் பக்கம் உருண்டுவிடும். இந்த ஒரு பிடி கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் அதன் மறுபதிப்புதான்.

வால் நின்றதும் அதே இடத்தில் கம்பியின் ஒரு நுனியைக் கட்டித் தொங்கவிடுங்கள். பழுப்புக் கம்பளி நூலைப் பிரித்து ஒரே ஒரு புரியை உடம்பாகச் சுற்றி முன்னால் வாருங்கள். பிறகு கம்பியை எதிர்த்திசையில் அகலமான சுற்றாக முன்னால் கொண்டுவாருங்கள். எதிர்த்திசை ஏன் என்றால், மீனின் பல் கம்பளியை அறுத்தாலும் குறுக்கே ஓடும் கம்பி அதைப் பிடித்துக்கொள்ளும். முன்னால் இரண்டு மில்லிமீட்டர் இடம் கண்டிப்பாக விட வேண்டும். புதிதாகக் கட்டுகிற எல்லாரும் வளையத்தை ஒட்டிவரை உடம்பைக் கொண்டுவந்து, தலைக்கு இடமில்லாமல் விழிப்பார்கள். அந்த இடத்தில் பெட்டைக்கோழி இறகு ஒன்றை நுனியால் கட்டி, இரண்டே சுற்று. மூன்றாவது சுற்று ஆசைக்காகப் போடுவது. அது ஃப்ளையைத் துடைப்பமாக்கிவிடும். இழைகளைப் பின்னால் தடவிவிட்டு, நூலால் தலை கட்டி, முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டு நெயில் பாலீஷ்.

இந்த ஃப்ளை எந்தப் பூச்சியைப் போல இருக்கிறது என்று கேட்டால் எதையும் போல இல்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் போல இருக்கிறது. உங்கள் மலை ஓடைகளில் ட்ரௌட்டுக்கு இங்கிலாந்து ஆறுகள் போல மணி அடித்தாற்போல் ஒரே பூச்சி கூட்டமாக எழும் விருந்து இல்லை. புல்லிலிருந்து விழும் எறும்பு, வண்டு, தண்ணீருக்குள் தும்பியின் குஞ்சு, நண்டு, தவளைக் குஞ்சு என்று வந்ததைத் தின்கிறது. எங்கிருந்தோ வந்த மீன்தானே அது. 1860களில் ஃபிரான்சிஸ் டே என்ற டாக்டர் ட்ரௌட்டை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1910 வாக்கில்தான் எச்.சி. வில்சன் வானவில் ட்ரௌட்டைப் பிழைக்க வைத்தார். அவலாஞ்சி பண்ணை அந்த முயற்சியின் பிள்ளை. ஆனால் அதற்கு முன்பே, 1879இலேயே, நீலகிரிக்கென்று தனியாக வேட்டைப் பிராணிகளையும் மீன்களையும் காக்க ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். மீன் வந்து சேர்வதற்குள் சட்டம் வந்துவிட்டது. துரைமாருக்கு விளையாட்டு என்றால் அவ்வளவு அக்கறை! சோலை ஓடைகளின் சொந்தக் குடிகளான பொடிமீன்களையும் தவளைகளையும் இந்த விருந்தாளி என்ன பாடுபடுத்தியது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ட்ரௌட்டைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது நீங்களாவது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மீன் பிடிக்கப் போகும்போதும் எல்லை பார்த்துப் போக வேண்டும். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் கிடையாது. மற்ற நீர்நிலைகளுக்கு உதகையில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி இருந்தால் மட்டும் போங்கள். வடக்கே போகும் வாய்ப்பிருந்தால் இமாச்சலத்தின் தீர்த்தன் ஆற்றிலும் காஷ்மீரிலும் மீன்வளத்துறையே உரிமம் கொடுக்கிறது. நான் இங்கே வீசிப் பழகுவது தரையில்தான். முனையில் முள்ளுக்குப் பதில் ஒரு சிவப்பு நூல் குஞ்சம். விளையாட்டு மைதானத்தில் விடியற்காலை வீசினால் நடைப்பயிற்சிக்காரர்கள் காற்றாடி விடுகிறேனா என்று கேட்பார்கள். ஏரிகளில் ஜிலேபி மீன் சின்ன ஃப்ளையைத் தாராளமாகக் கவ்வும். ஆனால் பெங்களூரு ஏரி பலவற்றில் மீன் குத்தகைக்காரருடையது. அவரிடம் கேட்காமல் வீசினால் அப்புறம் கன்னடத்தில் நீண்ட பேச்சுவார்த்தை நடக்கும்.

அந்த மூன்று கேள்விகள் போக, டின்னில் இருக்கும் ஃப்ளைகளை வைத்து மீன் பிடிக்கலாமா என்று கடைசியாக ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மூன்று ஃப்ளைகளில் வளையத்துக்குப் பதிலாகப் பழுப்பு நரம்புத்துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது நைலான் இல்லை. பட்டுப்புழுவின் வயிற்றிலிருக்கும் பட்டுச் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழுத்து நீட்டிக் காயவைத்த நரம்பு. நைலான் தங்கூஸ் வருவதற்கு முன் உலகம் முழுக்க இதுதான். ஸ்பெயினின் முர்சியாவில் இதற்கென்றே தொழிற்சாலைகள் இருந்தன. காய்ந்த நரம்பு சுள்ளியாக ஒடியும், நனைத்தாலும் பழைய பலம் திரும்பாது. ஆகவே அவற்றை மாதிரியாக மட்டும் வையுங்கள். பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றுகளை எண்ணுங்கள், விகிதத்தைப் பாருங்கள்: வால் எவ்வளவு நீளம், இறகு முள்ளின் வாயைவிட எவ்வளவு அகலம். வேறெந்தப் பாடப்புத்தகமும் உங்களுக்கு வேண்டியதில்லை. விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். மேலே சொன்ன சட்டம் இதற்கும் உண்டு.

முள் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம்பர் கூடக் கூட முள் சின்னதாகும். 12ஐவிட 18 பொடிசு. கடைக்காரர் பார்ப்பதற்கு அழகாக இருக்கிறதென்று 18ஐ எடுத்து நீட்டுவார். வாங்கிவிட்டீர்களானால் மாற்றிக்கொண்டு 12ஐயே எடுங்கள். எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டு வைஸில் மாட்டுங்கள். உங்கள் விரலுக்கும் நல்லது, திருப்பி விடப்போகும் மீனுக்கும் நல்லது. ஒரே மாதிரி ஆறு கட்டிவிட்டு, முதலாவதையும் ஆறாவதையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். மிதக்கும் ஃப்ளையைப் பற்றி அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஈஜிபுராவிலிருந்து உங்கள் அண்ணன்